கீபோர்டு வேடம் போட்ட குச்சி

விளையாட்டுப் பொறிகளின் கதை – 17

ஆர்கேடு பெட்டிகளுக்குள் சர்க்யூட் போர்டை மாற்றுவதை ஜாம்மா என்ற 56 முனை ஏற்பாடு 1985-க்குப் பிறகு எவ்வளவு சுலபமாக்கியது என்று சென்ற பகுதியில் பார்த்தோம். இந்த முறை அப்படிப்பட்ட ஒரு பெட்டியின் முன்பலகையைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்க்கலாம். 1991-இல் கேப்காம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்றே வைத்துக்கொள்வோம். பலகைக்கு அடியில் இருப்பதெல்லாம் சுவிட்சுகள்தான். குச்சியைச் சுற்றி நான்கு, பட்டன்களுக்கு ஆறு, ஆளுக்கு 10. இரண்டு பேருக்கு 20. ஆட்டத்தைத் தொடங்கும் பட்டன் ஆளுக்கொன்று, காசு விழுந்ததைச் சொல்லும் சுவிட்ச் இரண்டு. மொத்தம் 24. (ஜாம்மாவில் ஆறு பட்டனுக்கு இடமில்லை. அதனால் உதைக்கும் பட்டன்களுக்குக் கேப்காம் தனியாக ஒரு கொத்து ஒயர் விட வேண்டியிருந்தது.)

அழுத்தினால் சேரும், விட்டால் பிரியும். கணினிக்கு இதைவிட எளிய செய்தியை யாராலும் அனுப்ப முடியாது. ஆனால் அதே 1991-இல் ஒரு சாதாரண ஐபிஎம் வகைக் கணினியின் பின்பக்கம் போய் நின்றால் இந்த 24 சுவிட்சுகளைச் செருக ஓர் இடம் கிடையாது. அச்சுப்பொறிக்கு இடம் இருந்தது, மோடத்துக்கு இருந்தது. 'கேம்' என்றே பெயர் எழுதிய துளையும் பல கணினிகளில் இருந்தது. அதுவும் இதற்கு உதவாது. ஆர்கேடு குச்சி கணினிக்குள் நுழைந்தது வேறு வழியாக, வேறொன்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு.

முதலில், நேர்வழி இருந்த காலத்தைச் சொல்லிவிட வேண்டும். 1977-இல் அட்டாரி தன் வீட்டு விளையாட்டுக் கருவிக்கு 9 பின் கனெக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. நான்கு திசைக்கு நான்கு பின், சுடும் பட்டனுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக கிரவுண்டு ஒன்று. குச்சியை மேலே தள்ளினால் முதல் பின் கிரவுண்டோடு சேரும். நடுவில் சிப் இல்லை, கணக்கு இல்லை. இந்த எளிமையால்தான் அந்தக் கனெக்டர் அட்டாரியின் சொந்தக் கணினிகளோடு நிற்காமல், போட்டி நிறுவனமான கமடோரின் விக்-20, கமடோர் 64, அமிகா வரைக்கும் போனது. ஆர்கேடு பெட்டிகளுக்கு உதிரி பாகம் விற்றுவந்த விகோ என்ற இல்லினாய் நிறுவனம், 80-களின் தொடக்கத்தில் அதே 9 பின்னைக் கோத்து வீட்டுக்கான குச்சிகளையும் விற்கத் தொடங்கியது. கடையில் இருந்த குச்சி வீட்டுக்கு வர அப்போது ஓர் ஒயர் போதும்.

நம் ஊரில் 90-களில் 'டிவி கேம்' என்ற பெயரில் விற்ற பெட்டிகளை நினைவிருக்கிறவர்கள், அவற்றில் பலவற்றின் குச்சியிலும் இதே வடிவக் கனெக்டரைப் பார்த்திருப்பார்கள். வடிவம் மட்டும்தான் ஒன்று. அவை ஜப்பானின் நின்டெண்டோ கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள். பட்டன்களின் நிலையை ஒவ்வொன்றாக வரிசையில் அனுப்பும் சிப் அந்தக் கைப்பிடிக்குள்ளேயே இருந்தது. அட்டாரி குச்சியை அதில் செருகினால் செருகும், வேலை செய்யாது. கணினியிலும் இதே பொறி உண்டு. ஐபிஎம் 1984-இல் மோடம் போன்றவற்றுக்கான துளையை 9 பின்னாகச் சுருக்கியபோது, அட்டாரி குச்சி அதில் கச்சிதமாகப் பொருந்தும்படி அமைந்துவிட்டது. பொருந்தியது என்பதற்காகச் செருகியவர்கள் எத்தனை பேரோ. அங்கே ஓடுவது வேறு மின்னழுத்தம், வேறு மொழி.

கமடோர் 64-இல் ஒரு வேடிக்கை இருந்தது. அதன் முதலாவது குச்சித் துளையும் கீபோர்டும் உள்ளே ஒரே சிப்பின் ஒயர்களைப் பகிர்ந்துகொண்டன. அந்தத் துளையில் குச்சியைச் செருகிச் சுடும் பட்டனை அழுத்தினால் திரையில் இடைவெளி விழும். மேலே தள்ளினால் 1, வலப்பக்கம் தள்ளினால் 2. கணினியால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் இரண்டாவது துளையையே கேட்டது இதனால்தான். செலவைக் குறைக்கச் செய்த சிக்கனம் இப்படித் தெரிந்தது. 1982-இலேயே குச்சி கீபோர்டாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தது, யாரும் சொல்லிக் கொடுக்காமல்.

பிரிட்டனில் அதை வேண்டுமென்றே செய்தார்கள். 1982-இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமில் குச்சிக்குத் துளையே கிடையாது. பின்பக்கம் திறந்துகிடந்த விளிம்புக் கனெக்டரில் செருகும்படி கெம்ப்ஸ்டன் என்ற வெளி நிறுவனம் ஒரு சிறு பெட்டி செய்தது. கணினி 31 என்ற எண்ணுள்ள போர்ட்டைப் படித்தால் குச்சியின் நிலை கிடைக்கும். அடுத்த ஆண்டு சின்க்ளேர் தானே 'இன்டர்ஃபேஸ் 2' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் புதிய போர்ட் எதுவும் இல்லை. ஒரு குச்சி 1 முதல் 5 வரையிலான விசைகளை அழுத்துவதாகவும், மற்றது 6 முதல் 0 வரை அழுத்துவதாகவும் கணினியிடம் காட்டிக்கொள்ளும். கீபோர்டில் ஆட எழுதிய ஆட்டம் எதுவாக இருந்தாலும், விசைகளை மாற்றிக்கொள்ள அது அனுமதித்தால் போதும், குச்சியிலும் ஆடிவிடலாம். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் ஆட்டம் எழுதியவர்கள் அதற்குள் கெம்ப்ஸ்டனுக்குப் பழகிவிட்டார்கள். அதனால் ஸ்பெக்ட்ரம் ஆட்டங்களின் முதல் திரையில் கீபோர்டா, கெம்ப்ஸ்டனா, சின்க்ளேரா என்று கேட்பது பல வருடம் சம்பிரதாயமாகவே இருந்தது.

இனி ஐபிஎம். 1981 ஆகஸ்டில் வெளிவந்த அதன் கணினிக்குக் குச்சி செருகும் அட்டை ஒன்றைத் தனியாக விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். 15 பின் கனெக்டர். அதை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது சுவிட்ச் அல்ல, வானொலியின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு போன்ற ஒரு மின்தடை. 1977-இன் ஆப்பிள் 2-இலும் இதே முறைதான். 'பிரேக்கவுட்' ஆட்டத்தைத் தன் கணினியில் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஸ்டீவ் வோஸ்னியாக், அதற்குத் திருகு இருந்தால் போதும் என்று அமைத்தார். பந்தைத் தட்டும் மட்டையை நகர்த்த அது பொருத்தம்தான்.

ஐபிஎம் அட்டை வேலை செய்யும் விதம் கொஞ்சம் வினோதமானது. குச்சி எங்கே இருக்கிறது என்று அது நேராகச் சொல்லாது. நிரல் 201 என்ற பதினாறடிமான எண்ணுள்ள போர்ட்டில் எதையாவது எழுத வேண்டும். உடனே அட்டையில் உள்ள நான்கு சிறு கடிகாரங்கள் ஓடத் தொடங்கும். ஒரு மின்தேக்கி நிரம்பும்வரை ஒவ்வொரு கடிகாரமும் 1 என்று காட்டும், நிரம்பியதும் 0. குச்சியின் மின்தடை அதிகமானால் மின்தேக்கி மெதுவாக நிரம்பும். எவ்வளவு நேரம் 1 இருந்தது என்பதை வைத்துக் குச்சியின் இடத்தைக் கணிக்க வேண்டும். அதிகபட்சம் ஒரு மில்லி வினாடிக்குச் சற்று மேல். அந்த நேரம் முழுக்கக் கணினியின் மூளை வேறு வேலை பார்க்காமல் அந்தப் போர்ட்டையே வெறித்துப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கும்.

எண்ணுவது எவ்வளவு வேகம் என்பது கணினிக்குக் கணினி மாறும். 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினியில் 40 வரை எண்ணுகிற நேரத்தில், அடுத்த தலைமுறைக் கணினி அதைப்போலப் பல மடங்கு எண்ணிவிடும். குச்சியை இடது மேல் மூலைக்குத் தள்ளிப் பட்டனை அழுத்து, பிறகு வலது கீழ் மூலைக்குத் தள்ளி அழுத்து என்று ஆட்டத்துக்கு ஆட்டம் நம்மை வேலை வாங்கியதன் காரணம் இதுதான். கணினியின் வேகத்துக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்யும் குமிழ் வைத்த அட்டைகள்கூட விற்றன.

விமானம் ஓட்டும் ஆட்டங்களுக்கு இந்த அட்டை நன்றாகவே உதவியது. சற்றே சாய்ப்பதற்கும் முழுக்கச் சாய்ப்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே. ஆர்கேடு ஆட்டங்களுக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை. அங்கே வேண்டியது எண்ணிக்கை. ஐபிஎம் அட்டையில் பட்டன் மொத்தமே நான்கு, இரண்டு பேர் ஆடினால் ஆளுக்கு இரண்டு. 1991-இல் வந்த கிராவிஸ் கேம்பேட் என்ற கைப்பிடி, சுவிட்சுகளோடு மின்தடைகளைச் சேர்த்து, குச்சி முழுக்கத் தள்ளப்பட்டது, நடுவில் இருக்கிறது என்று அட்டையை நம்பவைத்தது. திசைச் சிக்கல் அதோடு தீர்ந்தது. எண்ணிக்கைச் சிக்கல் அப்படியே இருந்தது. இதற்கிடையில் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையில் இந்த 15 பின் துளையையும் சேர்த்துக் கொடுத்ததால், பிறகு வாங்கிய கணினிகளில் அது கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது. தவறான துளை, எல்லார் வீட்டிலும்.

அச்சுப்பொறியின் துளை வழியாகவும் சிலர் முயன்றார்கள். அதில் கணினியை நோக்கி வரும் நிலை ஒயர்கள் ஐந்து. நான்கு திசை, ஒரு பட்டன் என்றால் அட்டாரி குச்சிக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். காகிதம் தீர்ந்துவிட்டது என்று அச்சுப்பொறி சொல்லப் பயன்படுத்திய ஒயர், ஒரு திசையையோ பட்டனையோ சொல்லும் வேலைக்கு வந்தது. லினக்ஸில் இதற்கான டிரைவர்களைச் செக் நாட்டு நிரலாளர் வோய்ட்டேக் பாவ்லிக் எழுதினார். கைவேலை தெரிந்தவர்களோடு அது நின்றுபோனது.

1997 பிப்ரவரி 5 அன்று இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்ற எமுலேட்டரின் முதல் பதிப்பை வெளியிட்டார். பழைய ஆர்கேடு சர்க்யூட் போர்டு எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளும்படி வீட்டுக் கணினியை மாற்றும் நிரல். 'பேக்மேன்' போர்டில் தொடங்கியது, போகப் போக ஆயிரக்கணக்கில் விரிந்தது. (போர்டில் இருந்த ஆட்டங்களின் உரிமை அந்தந்த நிறுவனங்களுடையது, அந்த விவகாரம் தனியாக ஓர் அத்தியாயம் கேட்கும், இங்கே வேண்டாம்.) நமக்கு முக்கியம் இது: ஆட்டம் இப்போது அசல். நகலெடுத்தவர் கைவண்ணம் எதுவும் இல்லாத அதே நிரல், அதே படம், அதே ஒலி. கையில் இருப்பது மட்டும் தட்டச்சுக்காரரின் கீபோர்டு. அந்தக் குறை அதற்கு முன்னால் இவ்வளவு உறுத்தியதில்லை.

மேமில் எந்த விசை எதற்கு என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. அம்புக் குறிகள் திசைக்கு. இடது கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் முதல் மூன்று பட்டனுக்கு. 5-ஐ அழுத்தினால் காசு விழும், 1-ஐ அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். இரண்டாம் ஆளுக்கு ஆர், எஃப், டி, ஜி திசைகள். அந்தக் கணத்திலேயே விடை எழுதப்பட்டுவிட்டது என்பேன். மேமுக்குக் குச்சி என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை; 24 சுவிட்சுகளும் 24 விசைகளாக நடித்துவிட்டால் காரியம் முடிந்தது. கீபோர்டு செருகாத கணினியே கிடையாது. டிரைவர் வேண்டாம், மூலைக்கு மூலை தள்ளிக் காட்ட வேண்டாம்.

அப்படியானால் ஒரு பழைய கீபோர்டைப் பிரித்தால் ஆயிற்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கார் நிறுத்தும் கொட்டகையில் ஆர்கேடு பெட்டிக்காக மரப்பலகை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் பலரும் முதலில் செய்தது அதைத்தான். விசைகளையும் பிளாஸ்டிக் தாள்களையும் தூக்கிப் போட்டுவிட்டால், உள்ளே ஒரு முழம்கூட இல்லாத சின்ன சர்க்யூட் போர்டு கிடைக்கும். அதன் ஓரத்தில் வரிசையாக இருபத்துச் சொச்சம் முனைகள். அந்த முனைகளில் எந்த இரண்டைச் சேர்த்தால் எந்த எழுத்து வருகிறது என்று ஒரு துண்டு ஒயரை வைத்துத் தொட்டுத் தொட்டுத் திரையில் பார்த்து, பெரிய கட்டத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சால்டரிங். பல கீபோர்டுகளில் அந்த முனைகள் கரியால் பூசப்பட்டிருக்கும், ஈயம் ஒட்டாது. சுரண்டிச் செம்பை வெளியே கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கூடச் சுரண்டினால் முனையே உரிந்து வந்துவிடும். அட்டாரி குச்சியில் எல்லாச் சுவிட்சுக்கும் பொது கிரவுண்டு ஒன்று போதும் என்று பார்த்தோம் அல்லவா, இங்கே அதுவும் கிடையாது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு ஒயர், ஒவ்வொன்றும் தன் தன் இடத்துக்கு.

அதையெல்லாம் பொறுமையாகச் செய்து முடித்தவர்களுக்கும் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பழைய கீபோர்டில் நூற்றொரு விசைக்கும் தனித்தனி ஒயர் கிடையாது. திட்டமிட்டுப் போட்ட நகரில் தெருக்களும் குறுக்குத் தெருக்களும் வெட்டிக்கொள்வதுபோல, ஒயர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு விசை. சிப் ஒவ்வொரு தெருவாக மின்சாரம் விட்டு, எந்தக் குறுக்குத் தெருவில் அது வந்து சேர்கிறது என்று பார்க்கும். ஒரே நேரத்தில் இரண்டு விசைவரை தகராறு இல்லை. மூன்றாவதில்தான் குழப்பம். முதல் தெருவின் இரண்டு மூலையிலும் விசை அழுத்தப்பட்டிருக்கிறது, இரண்டாம் தெருவில் ஒரு மூலையில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தெருவில் விட்ட மின்சாரம் அந்த மூலையில் திரும்பி, முதல் தெருவுக்குப் போய், அதன் மறு மூலை வழியாக அடுத்த குறுக்குத் தெருவில் இறங்கிவிடும். நான்காவது மூலையை யாரும் தொடவே இல்லை. ஆனாலும் அங்கே ஆள் இருப்பதாகவே சிப்புக்குத் தெரியும். இந்தப் பேய் விசையைத் தவிர்க்க, சந்தேகமான நிலை வந்தால் மூன்றாவது விசையையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்படி கீபோர்டு சிப்புகள் எழுதப்பட்டிருந்தன.

தட்டச்சு செய்கிறவருக்கு இது வாழ்நாள் முழுக்கத் தெரியாது. ஆனால் வலது மேல் சாய்வாகக் குதித்துக்கொண்டே குத்த வேண்டும் என்றால் ஒரே ஆளுக்கு அதுவே மூன்று விசை. இரண்டு பேர் ஒரே கீபோர்டு சிப்பில் சண்டை போடும்போது, எதிராளி தன் பட்டன்களை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாலே நம் ஆள் குத்தமாட்டான், குதிக்கமாட்டான். வேண்டுமென்றே அப்படிச் செய்யும் தம்பிமார்கள் எந்த நாட்டிலும் உண்டு.

இதற்குத் தெளிவான மருந்து சுவிட்சுக்கு ஒரு டயோடு. மின்சாரம் திரும்பி வராமல் அது தடுக்கும். ஆனால் பழைய கீபோர்டின் சிப் மூன்றாவது விசையைப் புறக்கணிக்கப் பழகிவிட்டதென்றால், வெளியே டயோடு வைத்தும் பயனில்லை. மிச்சமிருந்தது விசைகளைத் தேர்ந்தெடுப்பதில் சாமர்த்தியம். ஒவ்வொரு விசையும் ஒன்று தன் தெருவில் தனியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தன் குறுக்குத் தெருவில் தனியாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பேய் வர வழியில்லை. 8 தெருவும் 16 குறுக்குத் தெருவும் உள்ள கட்டத்தை எடுத்துக் கணக்குப் போட்டால் இப்படி அதிகபட்சம் 22 விசை கிடைக்கும். நமக்கு வேண்டியது 24. காசு போடுவதும் தொடங்குவதும் சண்டை நடுவே வராது என்பதால் ஒப்பேற்றலாம்தான். ஆனால் அந்த 22-க்கும் கீபோர்டில் உண்மையான விசைகள் இருக்க வேண்டும். பல சந்திப்புகள் காலியாகவே கிடக்கும்.

கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றுக்கும் மட்டும் சலுகை உண்டு. மற்ற விசைகளோடு சேர்த்து அழுத்துவதற்காகவே இருப்பவை என்பதால் கீபோர்டு செய்கிறவர்கள் அவற்றை மற்றவற்றோடு மோதாத ஒயர்களில் வைத்திருந்தார்கள். மேம் அவற்றைப் பட்டன்களாக்கியது அந்த வகையில் பெரிய உபகாரம். உபகாரத்தோடு உபத்திரவமும் வந்தது. மேமில் நான்காவது பட்டன் இடது ஷிஃப்ட். விண்டோஸில் ஷிஃப்டைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால், ஒரே நேரத்தில் பல விசைகளைப் பிடிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கான 'ஸ்டிக்கி கீஸ்' வசதி விழித்துக்கொள்ளும். எதிரியை மூலையில் நெருக்கி ஐந்தாவது உதை விடும் நேரத்தில் திரையின் நடுவே ஒரு பெட்டி திறந்து, இந்த வசதி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்கும்.

கீபோர்டைப் பிரிப்பது இவ்வளவு தொல்லை என்றானபோது, கீபோர்டாக நடிப்பதற்கென்றே செய்த போர்டுகள் வந்தன. அமெரிக்காவின் ஹாக்ஸ்ட்ரோம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைப் பலகைகளுக்காக அப்படிப்பட்டவற்றை ஏற்கெனவே விற்றுவந்தது. 72 முனை கொண்ட ஒன்றுகூட அதனிடம் இருந்தது. இயந்திரத்தை நிறுத்தும் பட்டனும் 'பேக்மேன்' குச்சியும் கணினிக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஆர்கேடு ஆட்களுக்கென்றே யோசித்துச் செய்தது பிரிட்டனின் அல்டிமார்க் நிறுவனம். ஆண்டி வார்ன் வடிவமைத்த அதன் ஐ-பேக் போர்டில் குறுக்கும் நெடுக்கும் கிடையாது. ஒரு சுவிட்சுக்கு ஒரு முனை, கூடவே எல்லாவற்றுக்கும் பொது கிரவுண்டு. எத்தனை பட்டனை ஒன்றாகப் பிடித்தாலும் பேய் இல்லை. பெட்டியில் இருந்து எடுத்த உடனே மேமின் விசைகளையே பேசும்படி அதை நிரலிட்டு அனுப்பினார்கள். முதல் ஆளின் தொடக்க பட்டனைப் பிடித்துக்கொண்டு மற்றதை அழுத்தினால் வேறு விசைகள் வரும், அதனால் ஆட்டத்தை விட்டு வெளியேறத் தனிப் பட்டன் குடைய வேண்டாம். அட்டாரி 1977-இல் போட்ட ஒயர் வரைபடத்தை எடுத்து, இன்னும் சில முனைகளைச் சேர்த்து, கடைசியில் ஒரு கீபோர்டு கேபிளை ஒட்டினால் எப்படி இருக்குமோ அதுதான் இது. என் கணக்கில் இந்தக் கதையின் மிக அழகான பொருள் இதுவே. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, தேவையில்லாததை எடுத்துவிட்டது.

சால்டரிங்கே வேண்டாம் என்றவர்களுக்கு ஹனாஹோவின் ஹாட்ராட், எக்ஸ்கேமிங்கின் எக்ஸ்-ஆர்கேடு என்று இரண்டு பேர் ஆடும் பெரிய பலகைகள் நூற்றாண்டு திரும்பும் வேளையில் கடைக்கு வந்தன. இரண்டும் கீபோர்டு வேடம்தான். 2004-இல் ஜான் செயின்ட் கிளேர் எழுதி வைலி பதிப்பகம் வெளியிட்ட 'புராஜெக்ட் ஆர்கேடு' நூல், பலகை அறுப்பதில் இருந்து போர்டு இணைப்பதுவரை ஒரே இடத்தில் சொன்னது. அதற்குள் இது கொட்டகை வேலை என்ற நிலையைத் தாண்டி ஒரு பொழுதுபோக்குத் துறையாகியிருந்தது.

குச்சியை விட்டுவிட்டு உருளும் பந்துக்கு ஒரு வார்த்தை. 'மிசைல் கமாண்ட்', 'சென்டிபீட்' போன்ற ஆட்டங்களில் கையால் உருட்டும் பெரிய பந்து இருக்கும். அதன் அடியில் துளையிட்ட சக்கரங்கள் சுழன்று ஒளியை வெட்டும். அந்த வெட்டு எந்த வரிசையில் வருகிறது என்பதில் இருந்து திசை தெரியும். அந்தக் காலத்துக் கணினி மவுஸுக்குள்ளும் அதே சக்கரம், அதே ஒளி. ஆகவே பந்தைக் கீபோர்டாக்க யாரும் முயலவில்லை. மவுஸைப் பிரித்து அதன் ஒயர்களைப் பந்துக்கு மாற்றினார்கள், பந்து மவுஸாகப் பேசியது.

யுஎஸ்பி வந்து எல்லாம் எளிதாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். கீபோர்டு வேடக்காரர்களுக்கு முதலில் அது பின்னடைவு. பழைய பிஎஸ்2 கீபோர்டு, விசை அழுத்தப்பட்டதும் ஒரு செய்தி, விடப்பட்டதும் ஒரு செய்தி என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். எத்தனை விசை என்று வரம்பு இல்லை. யுஎஸ்பி கீபோர்டின் அடிப்படைச் செய்தி எட்டு பைட் நீளம். ஒரு பைட் கன்ட்ரோல், ஷிஃப்ட் வகையறாவுக்கு, ஒன்று காலி, மிச்சம் ஆறு பைட்டில் ஆறு விசை. ஏழாவதற்கு இடம் இல்லை. ஒருவர் தட்டச்சு செய்ய ஆறு தாராளம். இரண்டு பேர் சாய்வாகக் குதித்து ஆளுக்கு இரண்டு பட்டன் அழுத்தினாலே எட்டு ஆகிவிடும். ஒரே போர்டு ஒன்றுக்கு மேற்பட்ட கீபோர்டாகக் காட்டிக்கொள்வது, அல்லது செய்தியின் வடிவத்தையே மாற்றி எழுதுவது என்று இதற்கு வழி கண்டார்கள். அதுவரை கவனமானவர்கள் வட்டமான பழைய பிஎஸ்2 துளையை விடவில்லை. 15 பின் துளைக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் விஸ்டாவில் எடுத்துவிட்டது. 1981-இல் இருந்து வந்த அந்தத் துளையின் கதை 2007-இல் அப்படி முடிந்தது. ஆர்கேடு ஆட்களில் யாரும் துக்கம் கொண்டாடவில்லை.

ஆனால் கீபோர்டு வேடத்துக்கும் வயதாகத் தொடங்கியிருந்தது. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 கைப்பிடியோடு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு கணினிக்கு வந்த சண்டை ஆட்டங்கள் பலவும் அந்தக் கைப்பிடியையே எதிர்பார்த்து எழுதப்பட்டன. கீபோர்டில் ஆடலாம், ஆனால் திரையில் தெரியும் குறிப்புகள் எல்லாம் ஏ, பி, எக்ஸ், ஒய் பட்டன்களைப் பற்றியே பேசும். சான்வா, ஹாப் போன்ற ஆர்கேடு உதிரி பாக நிறுவனங்களின் குச்சியும் பட்டனும் மாறவில்லை. பின்னால் உட்கார்ந்த போர்டுதான் வேடத்தை மாற்றிக்கொண்டது. இப்போது அது எக்ஸ்பாக்ஸ் கைப்பிடி. அட்மெல் சிப் வைத்த ஆர்டுயினோ லியனார்டோ 2012-இல் வந்தபோது, யுஎஸ்பியில் என்னவாக வேண்டுமானாலும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் திறமை மலிவுச் சந்தைக்கே இறங்கிவிட்டது. சீனாவில் செய்த, 'தாமதமே இல்லை' என்று பெயரிலேயே அடித்துச் சொல்லும் மலிவுப் போர்டுகளும் வந்தன. பெயரை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சுவிட்ச் சேரும்போது அதன் உலோக நாக்கு சில மில்லி வினாடி துள்ளும், அந்தத் துள்ளலைப் பல அழுத்தல்களாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கப் பல போர்டுகள் சற்றுக் காத்திருக்கும். அதன் பிறகு கணினி எப்போது வந்து கேட்கிறதோ அப்போதுதான் சொல்ல முடியும். நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி வினாடி. 8 மில்லி வினாடிக்கு ஒருமுறை கேட்கும் கணினியிடம் பாதிப் படம் போய்விடலாம்.

2021-இல் 4 டாலர் விலையில் ராஸ்பெரி பை பிகோ வந்தது. அதன் மேல் ஓடும் திறந்த நிரலான ஜிபி2040-சிஇ, இணைக்கும்போதே யாராக நடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது. ஒரு பட்டனைப் பிடித்தபடி கேபிளைச் செருகினால் எக்ஸ்இன்புட் கைப்பிடி, வேறொன்றைப் பிடித்துச் செருகினால் நின்டெண்டோ ஸ்விட்சின் கைப்பிடி, இன்னொன்றைப் பிடித்தால் பழையபடி கீபோர்டு. ஒயர் போடும் முறையில் மட்டும் மாற்றம் இல்லை. ஒரு சுவிட்சுக்கு ஒரு முனை, எல்லாவற்றுக்கும் ஒரு கிரவுண்டு.

அடுத்த பகுதியில், எட்டுத் திசைக் குச்சியில் 'பேக்மேன்' ஆடினால் ஏன் திருப்பத்தில் மாட்டிக்கொள்கிறோம் என்பதையும், குச்சியின் அடியில் இருக்கும் அந்தச் சதுரத் தகட்டையும் பார்ப்போம்.